இரண்டாவது அலர்ட்டுக்கு ஏன் போன் ஒலிக்கவில்லை: புரோமிதியஸ் – பேஜர்டியூட்டி இணைப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வரின் டிஸ்க் முழுக்க நிரம்பி, தரவுத்தளம் தானாகவே நின்றுபோனது. அது நிற்பதற்குச் சில மணி நேரம் முன்பே, ‘டிஸ்க்கில் இடம் குறைகிறது’ என்ற அலர்ட் (எச்சரிக்கை), சர்வர்களைக் கண்காணிக்கும் நிரலான புரோமிதியஸில் எழுந்துவிட்டது. அதன் துணை நிரலான அலர்ட்மேனேஜர் அதை வாங்கி, ஆட்களைப் போனில் அழைக்கும் சேவையான பேஜர்டியூட்டிக்கு அனுப்பியது. பேஜர்டியூட்டியும் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொன்னது. ஆனால் ஆன்-காலில் (அவசர அழைப்புக்குத் தயாராக இருக்கும் முறைப் பணியில்) இருந்தவரின் போன் ஒலிக்கவில்லை. தரவுத்தளமே விழுந்து, ‘தரவுத்தளம் பதில் சொல்லவில்லை’ என்ற வேறொரு அலர்ட் கிளம்பிய பிறகுதான் அவருக்கு அழைப்பு போனது.

இதை ஆராய்ந்து எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. யார் எந்த வரியை எழுதினார்கள் என்பதை இதில் தேடவில்லை, பெயர்களும் இல்லை. எந்தக் கருவியும் பழுதாகவில்லை. எல்லாமே தத்தம் ஆவணத்தில் எழுதியிருக்கிறபடியே நடந்துகொண்டன. அப்படியிருந்தும் ஒரு மனிதரைச் சேர வேண்டிய செய்தி சேரவில்லை. இதே இரண்டு கருவிகளை இதே முறையில் இணைத்திருக்கும் வேறு குழுக்களிலும் இந்த ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இணைப்பு அமைந்திருந்த விதம்

குழு முன்பு நாகியோஸ் பயன்படுத்தி வந்தது. 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளிவந்த பழைய கண்காணிப்புக் கருவி அது. நாகியோஸின் உலகில் எல்லாமே ‘இந்த சர்வர், அதில் இந்த சர்வீஸ்’ என்ற ஜோடிதான். பேஜர்டியூட்டியுடன் அதை இணைக்கும்போதும் சர்வர் பெயரும் சர்வீஸ் பெயரும் சேர்ந்தே அடையாளமாகப் போகும். ஆகவே இரண்டு சர்வர்களில் டிஸ்க் நிரம்பினால் இரண்டு இன்சிடென்ட் (ஒரு பிரச்சினைக்காக பேஜர்டியூட்டியில் திறக்கப்படும் பதிவு), இரண்டு அழைப்பு. ஆன்-கால் பார்ப்பவர்களின் மனதில் பதிந்திருந்த வழக்கம் இது.

பிறகு புரோமிதியஸுக்கு மாறினார்கள். சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் தொடங்கிய திட்டம் அது. 2016இல் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனில் குபர்நெட்டிஸுக்கு அடுத்து இரண்டாவதாகச் சேர்ந்தது. நாகியோஸிலிருந்து வருபவர்கள் கவனிக்க வேண்டிய பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. புரோமிதியஸ் யாருக்கும் தகவல் சொல்லாது. விதியைக் கணக்கிட்டு, அலர்ட் எரிகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது, எதை எதோடு சேர்த்துச் சொல்வது என்பதெல்லாம் அலர்ட்மேனேஜர் என்ற தனி நிரலின் வேலை. அது அனுப்புவதை வாங்கி, ஆன்-கால் அட்டவணையைப் பார்த்து, போனை ஒலிக்கவைப்பது பேஜர்டியூட்டி.

அமைப்பு சாதாரணமானதுதான். 15 விநாடிக்கு ஒருமுறை அளவுகள் சேகரிக்கப்படும்; விதிகளும் அதே இடைவெளியில் கணக்கிடப்படும். டிஸ்க்கில் காலியிடம் 10 சதவீதத்துக்குக் கீழே போய், 10 நிமிடம் அப்படியே இருந்தால் அலர்ட் எரியும். அலர்ட்மேனேஜர் பக்கத்தில், அந்த நிரலோடு கூடவே வரும் மாதிரி அமைப்புக் கோப்பு அப்படியே வைக்கப்பட்டு, பேஜர்டியூட்டியின் ரூட்டிங் கீ (செய்தி அங்கே எந்தச் சர்வீஸுக்குப் போக வேண்டும் என்று காட்டும் குறியீடு) மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. எந்த லேபிள்கள் (அலர்ட்டோடு வரும் பெயர்-மதிப்புக் குறிப்புகள்) ஒத்திருந்தால் அலர்ட்டுகளை ஒரே குரூப்பாகச் சேர்ப்பது என்று சொல்லும் இடம் குரூப்-பை. அந்த மாதிரிக் கோப்பில் அங்கே அலர்ட்டின் பெயரான ‘அலர்ட்நேம்’ என்ற ஒரே லேபிள்தான் இருக்கும். புதிய குரூப்பின் முதல் செய்திக்கு முன் காத்திருக்கும் குரூப்-வெயிட் 30 விநாடி, குரூப்பை மறுபடி எடுத்துப் பார்க்கும் குரூப்-இன்டர்வல் 5 நிமிடம், மாற்றமில்லாதபோதும் செய்தியை மறுபடி அனுப்பும் ரிப்பீட்-இன்டர்வல் 1 மணி நேரம்.

இணைத்தவுடன் சோதித்தும் பார்த்தார்கள். ஒரு சோதனை அலர்ட் அனுப்பினார்கள், போன் ஒலித்தது. அலர்ட்டை நிறுத்தியதும் இன்சிடென்ட் தானாகவே மூடிக்கொண்டது. இணைப்பு வேலை முடிந்தது என்று பதிவானது. அந்தச் சோதனையில் குறை சொல்ல எதுவும் இல்லை. காலியாக இருக்கும் அமைப்பில் ஒரே ஒரு அலர்ட் எப்படிப் பயணிக்கிறது என்பதை அது சரியாகவே காட்டியது. ஏற்கெனவே ஒரு அலர்ட் திறந்திருக்கும்போது இன்னொன்று வந்தால் என்ன ஆகும் என்பதை அது கேட்கவே இல்லை.

அன்று நடந்தது

கதை அந்த இரவில் தொடங்கவில்லை. அதற்குச் சில நாட்கள் முன்பு, லாக் சேகரிக்கும் சர்வர் ஒன்றில் டிஸ்க் 90 சதவீதம் தாண்டியது. அழைப்பு வந்தது. ஆன்-காலில் இருந்தவர் எடுத்தார், பார்த்தார், அவசரமில்லை என்று தீர்மானித்தார், அக்னாலெட்ஜ் செய்தார், அதாவது பார்த்துவிட்டதாகப் பதிவு செய்தார். சரியான தீர்மானம். மறுநாள் பழைய லாக்குகளை அழித்து இடம் உண்டாக்கினார்கள். ஆனால் அதற்குள் ஒரு சோதனை சர்வரின் டிஸ்க்கும் வரம்பைத் தாண்டிவிட்டது. அதைப் பற்றி யாருக்கும் அழைப்பு வரவில்லை. சோதனை சர்வர் என்பதால் யாரும் தேடவும் இல்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அலர்ட்நேம் ஒன்றுதான் குரூப்பை நிர்ணயிக்கிறது என்றால், எந்த சர்வரில் டிஸ்க் நிரம்பினாலும் அது ஒரே குரூப். ஒரு குரூப்பில் உள்ள எல்லா அலர்ட்டும் அணைந்த பிறகுதான் அலர்ட்மேனேஜர் ‘தீர்ந்தது’ என்ற செய்தியை பேஜர்டியூட்டிக்கு அனுப்பும். லாக் சர்வர் சரியானபோது சோதனை சர்வர் எரிந்துகொண்டிருந்தது. ஆகவே குரூப் காலியாகவில்லை, இன்சிடென்ட்டும் மூடவில்லை. தலைப்பில் லாக் சர்வரின் பெயரோடு, அக்னாலெட்ஜ் ஆன நிலையில், அது நாள் கணக்கில் திறந்தே கிடந்தது.

அந்த இரவில், தரவுத்தள சர்வரிலிருந்து காப்புச் சேமிப்புக்கு, தரவு மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ரைட்-அஹெட் லாக் கோப்புகளைக் கொண்டுபோகும் வேலை நின்றுபோனது. சேமிப்பை அணுகுவதற்கான சான்று காலாவதியாகியிருந்தது. காப்பகத்துக்குப் போய்ச் சேராத லாக் கோப்பை போஸ்ட்கிரெஸ் அழிக்காது. மறுபடி மறுபடி முயன்றுகொண்டே கோப்புகளைச் சேர்த்துவைக்கும். டிஸ்க் நிரம்பத் தொடங்கியது. வரம்பு தாண்டி 10 நிமிடத்தில் அலர்ட் எரிந்தது. ஏற்கெனவே உயிரோடு இருந்த குரூப்பில் போய்ச் சேர்ந்தது. அடுத்த குரூப்-இன்டர்வலில், அதாவது 5 நிமிடத்துக்குள், பேஜர்டியூட்டிக்குப் போனது. அப்புறம் ஒவ்வொரு மணி நேரமும் மறுபடி போனது. லாக் கோப்புகள் இருக்கும் டிஸ்க் முற்றிலும் நிரம்பினால் போஸ்ட்கிரெஸ் பேனிக் ஆகி (தொடர முடியாத பிழை என்று அறிவித்து) நின்றுவிடக்கூடும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. அப்படித்தான் நின்றது.

எழுப்பப்பட்டவர் செய்ததில் ஒன்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். இடம் வேண்டும் என்ற அவசரத்தில் லாக் கோப்புகளைக் கையால் அழிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அவர் அதைச் செய்யவில்லை. டிஸ்க்கின் அளவை விரிவாக்கி, தரவுத்தளத்தை எழுப்பி, அது தானாக மீட்சி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு காப்பக வேலையைச் சரிசெய்தார். எந்தத் தரவும் போகாததற்கு அந்த நிதானமே காரணம்.

தேடிய வழி

முதலில் சந்தேகம் போன் மீதுதான் போனது. தொந்தரவு செய்யாதே நிலையில் இருந்ததா, அட்டவணையில் வேறு யாராவது இருந்தார்களா, நெட்வொர்க் அறுந்ததா என்று வரிசையாகப் பார்த்தோம். ஒன்றுமில்லை. அதே போனுக்கு அதே இரவில் ‘தரவுத்தளம் பதில் சொல்லவில்லை’ என்ற அலர்ட் வந்து ஒலித்திருக்கிறது.

அடுத்து அலர்ட்மேனேஜர் தன்னைப் பற்றித் தானே வெளியிடும் அளவுகள். அனுப்பியவற்றின் எண்ணிக்கை ஏறியிருந்தது. தோற்றவற்றின் எண்ணிக்கை அசையவில்லை. பேஜர்டியூட்டியின் நிகழ்வு வாசலிலிருந்து ஒவ்வொரு முறையும் 202 என்ற பதில் வந்திருந்தது. ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தம். ஒருவரை அழைத்தேன் என்று அர்த்தமில்லை. இந்த வேறுபாட்டை உணர எங்களுக்கு நேரம் பிடித்தது.

பேஜர்டியூட்டிக்கு வரும் ஒவ்வொரு நிகழ்விலும் டீடூப்-கீ என்ற ஒரு சரம் (எழுத்துத் தொடர்) இருக்கும். அதே கீயோடு ஏற்கெனவே திறந்த அலர்ட் இருந்தால், புதிய நிகழ்வு அதன் பதிவில் ஒரு வரியாகச் சேரும். புதிதாக இன்சிடென்ட் பிறக்காது. அந்த இன்சிடென்ட் அக்னாலெட்ஜ் ஆகியிருந்தால் யாரையும் அழைக்காது, அடுத்தவருக்கும் போகாது. ஒரே பிரச்சினைக்கு ஒருவரை ஐம்பது முறை எழுப்பாமல் இருப்பதற்காக உள்ள நல்ல ஏற்பாடு இது.

கீ எங்கிருந்து வருகிறது? அலர்ட்மேனேஜர் தருகிறது. அலர்ட் எந்த ரூட் (எதை யாருக்கு அனுப்புவது என்று அமைப்புக் கோப்பில் சொல்லும் கிளை) வழியாக வந்தது, குரூப் லேபிள்களின் மதிப்பு என்ன என்ற இரண்டையும் சேர்த்து ஒரு சரமாக்கி, அதிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்ற குறியீட்டைக் கீயாக அனுப்புகிறது. குரூப்-பையில் சர்வரின் பெயர் இல்லாவிட்டால் கீயிலும் சர்வருக்கு இடமில்லை. லாக் சர்வரும் சோதனை சர்வரும் தரவுத்தள சர்வரும் பேஜர்டியூட்டியின் கண்ணுக்கு ஒரே பிரச்சினையாகத் தெரிந்தன.

பதிவைத் திறந்து பார்த்தபோது எல்லாம் அங்கேயே இருந்தது: தரவுத்தள சர்வரின் பெயர், மணிக்கொரு முறை வந்த நினைவூட்டல்கள், எல்லாமே. லாக் சர்வரின் பெயர் தாங்கிய பழைய இன்சிடென்ட்டின் உள்ளே, யாரும் திறக்காத இடத்தில்.

இந்த ஆய்வில் என்னை மிகவும் பாதித்தது இதுதான். அக்னாலெட்ஜ் என்பது ஒரு மனிதர் ‘இதை நான் பார்த்துவிட்டேன், என் பொறுப்பு’ என்று தரும் வாக்கு. அவர் பார்த்தது லாக் சர்வரை. அவர் பார்த்தேயிராத தரவுத்தள சர்வருக்கும் அந்த வாக்கை இந்த அமைப்பு நீட்டிவிட்டது. குரூப்-பை வரியைப் பெரும்பாலும் செய்திகளின் இரைச்சலைக் குறைக்கும் வசதியாக மட்டுமே பார்க்கிறோம். பேஜர்டியூட்டி போன்ற சேவையோடு இணைத்துவிட்டால், ஒருவரின் ஒப்புதல் எதுவரை செல்லும் என்பதையும் அந்த வரிதான் தீர்மானிக்கிறது. இமெயிலுக்கோ ஸ்லாக்குக்கோ அனுப்பும்போது இந்தச் சிக்கல் தெரியாது. குரூப்பில் புதிதாக ஒன்று சேர்ந்தால் அங்கே புதிய செய்தி வந்து விழும். மாறுவதற்கு முன் ஸ்லாக்கில் மட்டும் இதை ஓட்டிப் பார்த்த காலத்தில் எல்லாம் சரியாகத் தோன்றியதற்கு இதுவே காரணம்.

மாற்றியவை

முதல் யோசனை, எல்லாக் குரூப்பிங்கையும் எடுத்துவிடுவது. குரூப்-பையில் மூன்று புள்ளி வைத்தால் ஒவ்வொரு அலர்ட்டும் தனித்தனி. அது வேண்டாம் என்று நான் வாதிட்டேன். ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் விழுந்தால் அதன் பின்னால் உள்ள அத்தனை சர்வருக்கும் தனித்தனி இன்சிடென்ட் பிறக்கும். ஆன்-காலில் இருப்பவர் அவற்றை ஒவ்வொன்றாக அக்னாலெட்ஜ் செய்வதிலேயே முதல் அரைமணியைத் தொலைப்பார்.

கடைசியில் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதியையும் பார்த்தோம்: இரண்டு இடத்தில் இது எரிந்தால், ஒரே கையால் ஒரே வேலையில் இரண்டும் தீருமா? தீரும் என்றால் ஒரே குரூப். இல்லையென்றால் தனி. ஒரு சர்வீஸின் பல நகல்களில் பிழை விகிதம் ஏறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். அதற்கு அலர்ட்நேமும் சர்வீஸ் பெயரும் போதும். டிஸ்க் அப்படியில்லை. ஒவ்வொரு டிஸ்க்கும் அதனதன் காரணத்தால் நிரம்புகிறது. ஆகவே டிஸ்க்குக்குத் தனி ரூட் போட்டு, அலர்ட்நேம், சர்வீஸ், இன்ஸ்டன்ஸ் (எந்த சர்வர் என்று காட்டும் லேபிள்) மூன்றையும் குரூப்-பையில் வைத்தோம்.

இதில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு பின்விளைவு உண்டு. ரூட்டையோ குரூப்-பையையோ மாற்றினால் கீயும் மாறிவிடும். மாற்றத்துக்கு முன் திறந்திருந்த இன்சிடென்ட்டுகளுக்கு ‘தீர்ந்தது’ என்ற செய்தி இனி வராது; அந்தக் கீயை அலர்ட்மேனேஜர் மறுபடி உச்சரிக்காது. பிற்பாடு யாராவது பழைய அமைப்புக்குத் திரும்பினால், அந்த அனாதை இன்சிடென்ட் மறுபடி உயிர்பெற்று புதியவற்றை விழுங்கத் தொடங்கும். எனவே அமைதியான நேரத்தில் மாற்றி, பழையவற்றைக் கையால் மூடினோம்.

அடுத்து தீவிர நிலை. விதிகளில் சிவியாரிட்டி லேபிள் எழுதினால் அது அப்படியே பேஜர்டியூட்டிக்குப் போய்விடும் என்று குழு நம்பியிருந்தது. போகாது. அமைப்பில் எதுவும் சொல்லாவிட்டால் எல்லாமே ‘எரர்’ என்ற நிலையில்தான் போகும். லேபிளை டெம்ப்ளேட் (மதிப்பை இட்டு நிரப்பும் வார்ப்பு) மூலம் எடுத்து அனுப்ப வேண்டும். அங்கேயும் ஒரு பொறி: குரூப்பில் உள்ள எல்லா அலர்ட்டுக்கும் பொதுவான லேபிளைத்தான் வழக்கமாக எடுப்போம். ஒரே குரூப்பில் ஒன்று ‘கிரிட்டிக்கல்’, ஒன்று ‘வார்னிங்’ என்று கலந்திருந்தால் பொதுவான மதிப்பே இருக்காது; வெற்றுச் சரம் போகும். பேஜர்டியூட்டி ஏற்கும் மதிப்புகள் கிரிட்டிக்கல், எரர், வார்னிங், இன்ஃபோ என்ற நான்கு மட்டுமே. வெற்றுச் சரத்துக்கு 400 என்ற மறுப்பு வரும். இந்த வகை மறுப்பு வந்தால் அலர்ட்மேனேஜர் அந்த அனுப்புதலை அப்போதே கைவிட்டுவிடும், உடனடி மறுமுயற்சி இருக்காது. நிலைமை மோசமாகி, வார்னிங்கோடு கிரிட்டிக்கலும் சேர்ந்து வரும் அந்தச் சரியான நேரத்தில் செய்தி தடைபடும். சிவியாரிட்டியையும் குரூப்-பையில் சேர்த்து, டெம்ப்ளேட்டிலும் மதிப்பு இல்லையென்றால் கிரிட்டிக்கல் என்று எடுத்துக்கொள்ளச் சொன்னோம்.

பேஜர்டியூட்டியின் பக்கத்தில், அக்னாலெட்ஜுக்குக் கால வரம்பு வைத்தோம். குறிப்பிட்ட நேரத்துக்குள் தீர்க்காவிட்டால் இன்சிடென்ட் மறுபடி விழித்து அழைக்கும். இந்தச் சர்வீஸில் அது அணைக்கப்பட்டிருந்தது. சோதனை சர்வர்களின் அலர்ட்டுகள் பேஜர்டியூட்டிக்கே போகாமல் வேறு ரூட்டில் திருப்பப்பட்டன.

தடுப்பு விதிகளையும் ஒரு கண் பார்த்தோம். மாதிரிக் கோப்பில் ஒரு தடுப்பு விதி வரும்: கிரிட்டிக்கல் எரிந்தால் வார்னிங்கை அமுக்கு, இன்னின்ன லேபிள்கள் இரண்டிலும் சமமாக இருந்தால். ஒரு லேபிள் இரண்டு அலர்ட்டிலுமே இல்லாவிட்டால் அதையும் சமம் என்றே அலர்ட்மேனேஜர் கொள்ளும். இல்லாத லேபிளை நம்பி எழுதிய விதி, நினைத்ததைவிட அதிகமாக அமுக்கிவிடும். அப்படி எழுதியிருந்த ஒரு வரியை நீக்கினோம்.

மௌனத்தைக் கண்காணிப்பது

இந்த நிகழ்வில் புரோமிதியஸ் விழவில்லை. விழுந்திருந்தால்? எந்த அலர்ட்டும் வராது. எல்லாம் நலமாக இருக்கும் நாளும் அப்படித்தான் தோன்றும். இதற்குப் பரவலாகப் பயன்படும் வழி, எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு அலர்ட். விதியில் நிபந்தனையே கிடையாது. மதிப்பு என்றும் 1. அதை அலர்ட்மேனேஜர் வழியாக வெளியே உள்ள ஒரு துடிப்புச் சேவைக்குத் தொடர்ந்து அனுப்புவது. துடிப்பு நின்றால் அந்தச் சேவை ஆன்-காலை அழைக்கும்.

இதை அமைக்கும்போது ரிப்பீட்-இன்டர்வலை மட்டும் 1 நிமிடமாகக் குறைத்தால் போதாது. அலர்ட்மேனேஜர் ஒரு குரூப்பை குரூப்-இன்டர்வலுக்கு ஒருமுறைதான் எடுத்துப் பார்க்கும். அது 5 நிமிடம் என்றால் துடிப்பும் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் போகும். அந்த ரூட்டில் இரண்டையும் குறைக்க வேண்டும். துடிப்புச் சேவையை இதே சர்வர்கள் இருக்கும் இடத்தில் வைப்பதிலும் பயனில்லை. அனுப்புதல் தோற்கும் எண்ணிக்கை ஏறினால் எழும் அலர்ட்டையும் பேஜர்டியூட்டி அல்லாத வேறு வழியில் அனுப்புகிறோம். வழி அடைபட்டது என்ற செய்தியை அடைபட்ட வழியிலேயே அனுப்ப முடியாதல்லவா.

இரண்டாவது அலர்ட் சோதனை

சோதனை முறையையும் மாற்றினோம். எந்த லேபிள் உள்ள அலர்ட் எந்த ரிசீவருக்கு, அதாவது எந்தப் பெறும் இடத்துக்குப் போகும் என்பதை ஏஎம்டூல் என்ற கட்டளைக் கருவி அமைப்புக் கோப்பை வைத்தே சொல்லிவிடும். அது ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தானாக ஓடுகிறது. ஆனால் கீ எப்படி மோதும் என்பதை அது காட்டாது. அதற்கு உண்மையிலேயே அலர்ட் விட வேண்டும். ஒரு சர்வரின் பெயரில் டிஸ்க் அலர்ட் அனுப்பு, போன் ஒலிக்கட்டும், அக்னாலெட்ஜ் செய். அதைத் திறந்தே வைத்துவிட்டு, வேறொரு சர்வரின் பெயரில் அதே அலர்ட்டை அனுப்பு. போன் மறுபடி ஒலிக்கிறதா? பிறகு முதலாவதை மட்டும் அணை. முதல் இன்சிடென்ட் மட்டும் மூடுகிறதா? பழைய அமைப்பில் இந்தச் சோதனையை ஓட்டியபோது இரண்டாவது அழைப்பு வரவில்லை, முதல் இன்சிடென்ட் மூடவும் இல்லை. புதிய அமைப்பில் இரண்டும் நடந்தன. ஆன்-கால் பணிக்குப் புதிதாக வருபவர் தன் போனிலேயே இதைச் செய்து பார்ப்பது இப்போது பயிற்சியின் பகுதி.

இந்த ஏற்பாடுகளில் முடிந்தவரை எல்லாவற்றையும் அலர்ட்மேனேஜரின் அமைப்புக் கோப்பிலேயே வைத்தோம். அறிவிப்புச் சேவையின் திரைகளில் குறைவாகவே செய்தோம். சேவைகள் நிலையானவை அல்ல. 2018இல் அட்லாசியன் நிறுவனம் வாங்கிய, பேஜர்டியூட்டி போன்ற சேவையான ஆப்ஸ்ஜீனியின் புதிய விற்பனை 2025 ஜூனில் நின்றது. 2027 ஏப்ரலில் சேவையே முடிகிறது. அதைப் பயன்படுத்தும் குழுக்கள் இப்போது இடம்பெயர வேண்டியிருக்கிறது. எது ஒரே பிரச்சினை என்ற தீர்மானம் நம் கோப்பில் இருந்தால், சேவை மாறும்போது ரிசீவரை மாற்றி, இரண்டாவது அலர்ட் சோதனையை மறுபடி ஓட்டினால் போதும்.

தீராமல் நிற்பவை இரண்டு. ஒரே சர்வரில் பல டிஸ்க் இணைப்புப் புள்ளிகள் (மவுண்ட் பாயின்ட்) இருந்தால் அவை இன்னும் ஒரே குரூப்பில்தான் சேர்கின்றன. தரவுத்தள சர்வர்களுக்கு மட்டும் இணைப்புப் புள்ளியின் பெயரையும் குரூப்-பையில் சேர்ப்பதா என்று விவாதம் நடக்கிறது. சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் அங்கே லாக் டிஸ்க்கும் தரவு டிஸ்க்கும் வெவ்வேறு காரணங்களால் நிரம்புகின்றன. இரண்டாவது, காப்பக வேலை தோற்பதற்கே நேரடி அலர்ட் இல்லை. தோல்விகளின் எண்ணிக்கையையும் கடைசியாகக் காப்பகமான நேரத்தையும் போஸ்ட்கிரெஸே தன் புள்ளிவிவரப் பட்டியலில் தருகிறது. அதை வைத்து எழுதிய விதி இப்போது மறுபரிசீலனையில் இருக்கிறது.